தறியில் இருக்கும் வரை

"இன்னும் எத்தனை சொல்லும்மா வச்சிருக்கிய?" என்று கேட்டார் குற்றாலிங்கப் புலவர். கேள்வி மாதிரி இல்லை, முறையீடு மாதிரி இருந்தது.

தறிக்குழியில் கால் மிதித்துக்கொண்டிருந்த உலகம்மை நிமிரவில்லை.

"எனக்கு எப்படிய்யா தெரியும்? வேல செய்யும்போதுதான வாயில வருது."

புலவருக்கு வயது அறுபத்தாறு. உலகம்மைக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் அவளைக் குரு என்றுதான் அவர் சொல்லிக்கொண்டார், அதுவும் ஊரறிய. புலவர் நூல் எழுத வந்து நூல் சுற்றுகிறார் என்று தெருவே சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும். படித்தவர்களில் இப்படித் தரையில் உட்காரத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

அவர் எழுதிக்கொண்டிருந்தது ஒரு சொற்களஞ்சியம். பொருநை ஆற்றங்கரையில் நூற்கிறவர்கள், நெய்கிறவர்கள், சாயம் போடுகிறவர்கள் வாயில் வழங்கும் சொல் அத்தனையும் அதில் இருக்க வேண்டும். பழம்பாட்டுகளில் உள்ளவையும் இருக்க வேண்டும். துகில், தூசு, காழகம், அறுவை என்று ஆடைக்கு உள்ள பழம்பெயர்களை அவர் அடுக்க ஆரம்பித்தால் மடத்துப் பண்டிதர்களே வாய் பிளப்பார்கள். கலிங்க நாட்டு ஆடை அந்த நாட்டின் பெயரோடேயே கப்பலேறி வந்து, 'கலிங்கம்' என்று தமிழில் குடியேறிய கதையை அவர் சொல்லித்தான் கேட்க வேண்டும். மனிதர் அப்பேர்ப்பட்ட படிப்பாளி.

பத்தொன்பது வருஷமாக எழுதுகிறார்.

மடத்தில் மூன்று முறை அரங்கேற்றத்துக்கு நாள் குறித்தார்கள். மூன்று முறையும் கடைசி நேரத்தில் புலவர் பின்வாங்கினார். காரணம் ஒன்றுதான். ஏதோ ஒரு சொல் விட்டுப்போயிருக்கிறது.

அப்படி விட்டுப்போன ஒன்றைத் தேடித்தான் ஏழு மாதத்துக்கு முன்னால் உலகம்மை வீட்டுக்கு வந்தார். குறுக்கு நூலை ஓட்டும் நாடா எது, அதற்குள் வைக்கும் நூல்சுருளான தார் எது என்று ஒரு நாழிகையில் கேட்டு எழுதிக்கொண்டு போய்விடலாம் என்பது அவர் கணக்கு.

உலகம்மை ஒரு நூல்கண்டைக் கையில் கொடுத்துத் தார் சுற்றச் சொன்னாள்.

சுற்றினார். நூல் விரலை அறுத்தது. மறுநாளும் வந்தார்.

நீளவாக்கில் கிடப்பது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை என்று தெரிந்துகொண்ட அன்றைக்குப் புலவருக்குக் கால் தரையில் பாவவில்லை. "ஊடே போறதால ஊடை! என்ன அழகான சொல்லு!" என்று கூத்தாடினார்.

"பின்ன, மேலயா போவும்?" என்றாள் உலகம்மை.

இன்றைக்கு மடத்திலிருந்து ஆள் வந்திருந்தார். வாசலில் நின்றபடியே சேதி சொன்னார்.

"தைப்பூசத்துக்கு அரங்கேத்தமா, இல்லையான்னு சன்னிதானம் கேட்டுவரச் சொன்னாங்க. இல்லைன்னா ஏட்டுக்கட்ட மடத்துப் பரண்ல ஏத்தி வச்சிருவாங்களாம். இனிமே கேக்க மாட்டாங்களாம். பதில் வாங்காம வரக்கூடாதுன்னு உத்தரவு."

"கொஞ்சம் பொறும்" என்று அவரிடம் சொல்லிவிட்டு உள்ளே வந்துதான் புலவர், எத்தனை சொல் என்ற அந்தக் கேள்வியைக் கேட்டார். பதிலைக் கேட்டும் விடுவதாக இல்லை.

"ஒரு இருபது சொல் இருக்குமா?"

"இருக்கும்."

"அம்பது?"

"இருக்கும்யா. பாவுக்குக் கஞ்சி போட்டுத் தோயுற எடத்துல வேற பேச்சு, சாயம் முக்குறவங்ககிட்ட வேற பேச்சு. ஆத்துக்கு அந்தக் கரைக்குப் போனா இதையே வேற மாதிரி சொல்லுவாங்க."

புலவர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"அப்படின்னா இல்லைன்னே சொல்லி அனுப்பிருதேன்."

நூல் வெளிவருமுன் கண்ணை மூடிவிடுவோமோ என்று அவருக்குப் பயம். குறையோடு வெளிவந்து நாலு பேர் சிரித்துவிடுவார்களோ என்று அதைவிடப் பெரிய பயம். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தவித்தார், பாவம்.

உலகம்மை நாடாவை ஒருமுறை இந்தப் பக்கம் விட்டாள், ஒருமுறை அந்தப் பக்கம் வாங்கினாள். ஊடையை நெருக்கும் பலகையை இழுத்து அடித்தாள். பிறகு குழியிலிருந்து எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"முடிஞ்சுது. பாத்துச் சொல்லுங்க, எப்படி இருக்கு?"

சேலைக்கு நீல உடல், குங்குமச் சிவப்பில் கரை. புலவர் கிட்டே போய்ப் பார்த்தார். அப்படி ஒரு நெசவு! நீலமும் சிவப்பும் சேரும் இடம் எது என்று விரலால் தடவிக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. இந்தக் கையிடம் பாடம் கேட்கிறோம் என்று நினைக்கவே அவருக்குப் பெருமையாக இருந்தது. தறியில் சுருட்டியிருந்ததைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டே போனவர், ஓரிடத்தில் நின்றார்.

"இந்த எடத்துல..." என்று இழுத்தார்.

"சொல்லுங்க."

"ஒரு இழ தப்பியிருக்கு."

"கண்டுபிடிச்சிட்டியளே!" உலகம்மைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அன்னைக்கு எம்மவளுக்குக் காய்ச்சல். ஒரு கண்ணு தறியில, ஒரு கண்ணு தொட்டில்ல. இன்னும் ரெண்டு முழம் தள்ளிப் பாருங்க, அங்கயும் ஒண்ணு கெடக்கு."

"தெரிஞ்சுமா விட்டிய?"

"பிரிச்சு நெய்ஞ்சா தப்பு வேற எடத்துல வரும்."

புலவருக்கு மனசு கேட்கவில்லை.

"இத இப்படியேவா அறுக்கப் போறிய? இவ்வளவு அழகா நெய்ஞ்சுட்டு?"

"கெட்டிக்கிடப் போறவ தறிக்குழிக்குள்ள வந்தா நிப்பா?"

"அதுக்கில்ல. இன்னும் கொஞ்சம் நெய்ஞ்சு..."

"நெய்யலாம். பாவு கெடக்கு, ஊடை கெடக்கு. நெய்ஞ்சுக்கிட்டே இருக்கலாம், நல்லாத்தான் இருக்கும்."

வாசலில் மடத்து ஆள் தொண்டையைச் செருமினார். புலவர் காதில் வாங்கவில்லை. ஏழு மாதப் பழக்கம், கை தானாக ஓலையையும் எழுத்தாணியையும் எடுத்துவிட்டது.

"தறியில இருக்கும்போது இதுக்குப் பேரு என்னம்மா?"

"அறுக்காத வரைக்கும் எனக்கு இது பாவுதான்யா."

"அறுத்த பிறகு?"

உலகம்மை தறிமரத்தில் செருகியிருந்த கத்தியை உருவினாள். கைப்பிடி அவர் பக்கம் வரும்படி நீட்டினாள்.

"துணி" என்றாள்.

புலவர் எழுதப் போனார். எழுத்தாணி ஓலையில் இறங்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாளா, துணித்துவிடு, துணிந்துவிடு என்று ஏவினாளா? ஏழு மாதத்தில் ஒருநாளும் அவள் அவரை ஒருமையில் பேசியதில்லை.

அவள் முகத்தைப் பார்த்தார். அவள் கத்தியை நீட்டியபடியே நின்றாள்.

புலவர் ஓலையைக் கீழே வைத்தார். கத்தியை வாங்கினார்.

"ஓய்!" என்று வாசலைப் பார்த்துக் கூப்பிட்டார். "தைப்பூசத்துக்குன்னே சொல்லிரும்!"

சொல்லிவிட்டு அறுத்தார்.