நடுக்கோடு போடாத அம்மையார்

கரிசல் மண்ணில் சுண்ணாம்புக் கோடு போடுவது வெயிலுகந்த அம்மையாரின் தொழில். கடம்பன்குளத்து ஹாக்கி மைதானத்தில் பதினாறு ஆண்டுகள் அதைச் செய்துவந்தார். கணவர் காய்ச்சலில் இறந்த ஆண்டே கோடு போடும் தகர வண்டியின் சக்கரமும் உடைந்தது. அதன் பிறகு கயிறு கட்டி, குனிந்து, கோலம் போடுவதுபோல் விரலிடுக்கில் சுண்ணாம்புத் தூளை விட்டுக்கொண்டே நடப்பார்.

மைதானத்தின் ஓரத்தில் குழந்தை வேலனுக்கு ஒரு கோயில் உண்டு. ஓர் ஆள் நிற்கும் அளவுதான். கடைசிக் கோடு முடிந்ததும் அம்மையார் அதன் பூட்டிய கதவின் முன் நின்று, "கோடு போட்டாச்சு. வெளையாட வாய்யா" என்பார். வேறு மந்திரம் அவருக்குத் தெரியாது. சுண்ணாம்பு பட்டு விரல்கள் வெடித்திருந்தன. சோறு பிசைந்தால் எரியும். அதை அவர் வேலனிடம் சொன்னதில்லை.

வழியில் போகிறவர்கள் சும்மா போகமாட்டார்கள்.

"என்னத்தா, மைதானத்துக்குக் கோலமா? அரிசி மாவுல போடு, எறும்பாவது வந்து வெளையாடும்."

"எறும்பும் அவன் பிள்ளதானே" என்று சொல்லிவிட்டு அம்மையார் மறுபடி குனிவார்.

அந்த ஊரில் மேலத்தெரு, கீழத்தெரு என இரண்டு தெருக்கள். அம்மையாரின் குடிசை இரண்டிலும் சேராமல் தனியே இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் இறுதி ஆட்டத்தில், பந்து கோலுக்குள் போனதா இல்லையா என்று சண்டை வந்து, ஒருவரின் மண்டை உடைந்தது. அதிலிருந்து தெருக்களுக்குள் பேச்சு இல்லை. பெரியவர்கள் ஒன்றில் மட்டும் ஒத்துப்போனார்கள். நடுக்கோட்டுக்கு மேற்கே மேலத்தெருப் பிள்ளைகள், கிழக்கே கீழத்தெருப் பிள்ளைகள். யாரும் தாண்டக்கூடாது. பந்து தாண்டிவிட்டால் எதிர்ப்பக்கத்தார் தொடமாட்டார்கள். அது அங்கேயே கிடக்கும். மறுநாள் காலையில் அம்மையார் அதை எடுத்துக் கோட்டின்மேல் வைப்பார். தன் கை போட்ட கோடு சுவராகிவிட்டதை எண்ணும்போது அவருக்குச் சோறு இறங்காது.

அந்த ஆண்டு உலகக் கோப்பை ஹாக்கி பக்கத்து நகரத்துக்கு வந்தது. இந்தியா கோல் போட்டால் இரண்டு தெருவிலும் ஒரே நொடியில் கூச்சல் எழும். அடுத்த நொடி, எதிர்த்தெருவின் கூச்சல் காதில் விழுந்து இரண்டும் அடங்கிவிடும்.

இறுதி ஆட்டத்தன்று பெரிய மைதானத்தில் கிராமத்துப் பிள்ளைகளும் ஆடலாம், ஊருக்கு ஓர் அணி, ஆட்களைத் தேர்ந்தெடுக்க சனிக்கிழமை காலை அதிகாரி வருவார் என்று கடிதம் வந்தது. கீழத்தெருவின் கோல் கீப்பர் பூரணி அம்மையாரிடம் ஓடிவந்தாள்.

"அத்த, எங்கள்ல ஆறு பேரு, அவுகள்ல அஞ்சு பேரு. சேந்தா பதினொண்ணு, அவ்வளவுதான் வேணும். நாம சொன்னா யாரு கேக்கா?"



சனிக்கிழமை விடியலில் அம்மையார் எல்லாக் கோடுகளையும் போட்டார். இரண்டு கோலுக்கும் முன்னே அரைவட்டங்களைப் போட்டார். நடுவில் வந்து கயிற்றைக் கட்டினார். கை இறங்கவில்லை. கயிற்றை அவிழ்த்தார். கோயில் முன் வந்து, "வெளையாட வாய்யா" என்று மட்டும் சொன்னார்.

ஏழு மணிக்கு மேலத்தெருத் தலைவர் சீனிராசு வந்தார்.

"ஏ வெயிலுகந்தா, நடுக்கோடு எங்க? கண்ணு அவிஞ்சுபோச்சா?"

"கண்ணு தெரியுது அண்ணாச்சி. கைதான் வரல."

"அப்ப அந்தக் கைக்கு இங்க வேலை இல்ல. போ."

கீழத்தெருத் தலைவர் ஆவுடையும் எதிர்ப்பக்கமிருந்து தலையாட்டினார். இரண்டு ஆண்டுகளில் அவர்கள் ஒத்துப்போன இரண்டாவது விஷயம் அது.

எது வரை போகலாம் என்று தெரியாமல் இரண்டு பக்கமும் யாரும் மைதானத்துக்குள் இறங்கவில்லை. மட்டைகளோடு பிள்ளைகள் ஓரத்திலேயே நின்றார்கள். அதிகாரி ஒரு மணி நேரம் காத்திருந்தார். பிறகு தாளை மடித்துப் பையில் வைத்தார். அவருடைய ஜீப் தார்ச்சாலை ஏறி மறைந்தது.

அம்மையார் கோயில் படியில் உட்கார்ந்தார். "பிள்ளைகளுக்கு இருந்த ஒரு வழியும் என்னால கெட்டுப்போச்சேய்யா. இனி கோடும் இல்ல. ஒன்ன எதச் சொல்லிக் கூப்புடுவேன்?"

வழக்கமான நேரத்தில் பூசாரி சாவியோடு வந்தார். கதவைத் திறந்தவர் உள்ளே போகவில்லை.

"பூட்டு பூட்டுனபடிதானே இருந்துச்சு..." என்றார்.

கல்லில் நின்ற குழந்தை வேலனின் இரண்டு பாதங்களும் கணுக்கால் வரை சுண்ணாம்பு பட்டு வெள்ளையாக இருந்தன. விரல்களுக்கிடையே கரிசல் மண் ஒட்டியிருந்தது. வாசற்படியிலிருந்து சின்னஞ்சிறு வெள்ளைக் காலடிகள் இறங்கிப் போயின. மேற்கு அரைவட்டத்துக்குப் போய், அங்கிருந்து கிழக்கு அரைவட்டத்துக்கு ஓடி, மறுபடி திரும்பி, நடுமைதானத்தைப் பலமுறை கடந்திருந்தன. முறைத்துக்கொண்டு நின்றதில் ஊராரும், கலக்கத்தில் அம்மையாரும் அதுவரை மண்ணைப் பார்க்கவில்லை.

"யாரு வீட்டுப் பிள்ள எறங்குனது?" என்று சீனிராசு அதட்டினார். "எங்க தெருவுல இவ்வளவு சின்னக் காலு இல்ல."

"எங்க தெருவுலயும் இல்ல" என்றார் ஆவுடை. இருவரும் பேசிக்கொண்டதை அவர்களே கவனிக்கவில்லை.

பூரணி செருப்பைக் கழற்றினாள். அந்தக் காலடிகளின் ஓரமாகவே நடந்தாள். நடு எது என்று தெரியாமலே அதைக் கடந்துவிட்டாள். எதிரே நின்ற மேலத்தெருப் பையன் ஐயனார், பந்தை மெதுவாக அவள் பக்கம் தள்ளினான்.

நகரத்தில் இறுதி ஆட்டத்தன்று கடம்பன்குளத்தின் பெயரை யாரும் வாசிக்கவில்லை. அந்த நேரத்தில் இரண்டு தெருப் பிள்ளைகளும் தங்கள் மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள். அம்மையாரிடம் யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. பிள்ளைகள் அழைத்தார்கள், மறுபடி சுண்ணாம்பை எடுத்தார். நடுக்கோட்டைப் பிள்ளைகளே இரு முனையிலிருந்தும் போட்டுவந்து இடையில் சேர்த்தார்கள். அது சற்றுக் கோணலாக இருந்தது.

கூப்பிட்ட குரலுக்கு ஆட வந்தான் குழந்தை வேலன். வெடித்த விரல்களால் அவனுக்குக் களம் வரைந்த வெயிலுகந்த அம்மையாரின் கைகள் வாழ்க.