இரண்டு எருமைகளுக்கு நடுவில் ஒரு கூடு

மூத்தவனைப் பெற்று ஆஸ்பத்திரியில் கிடந்தேன். ஐப்பசி மாதம். பக்கத்துக் கட்டிலில் இருந்த பாக்கியத்தாய் அக்கா இந்தச் சின்ன உயிரை எப்படிக் காப்பாற்றுவேனோ என்ற என் பயத்தைப் பார்த்துவிட்டு இந்தக் கதையைச் சொன்னார்கள்.

ஒரு குளத்தின் நடுவே ஒரு முக்குளிப்பான் கூடு கட்டியிருந்தது. அந்தப் பறவை மரத்தில் கூடு கட்டாது. பாசியையும் கோரையையும் சேர்த்துத் தண்ணீர்மேல் மிதக்கவிடும். கூட்டில் மூன்று முட்டைகள் இருந்தன.

கிழக்குக் கரையில் கொம்பி என்ற எருமை இறங்கும். மேற்குக் கரையில் சுட்டி என்ற எருமை இறங்கும். ஈக்கடி பொறுக்காமல் இரண்டும் அமிழ்ந்து அமிழ்ந்து எழும். ஒன்று எழுந்தால் மற்றதும் அதே நொடியில் எழும். அவ்வளவு போட்டி.

"நான் எழும்பினால் உனக்கென்னடி?" என்றது கொம்பி.

"ஏன், குளம் உன் சீதனமா?"

இரண்டு பக்கத்து அலையும் கூட்டின் அடியில் வந்து சேர்ந்தன. கூடு எகிறியது. ஒரு முட்டை விளிம்புக்கு உருண்டது.

"கடவுளே! தண்ணீர் என் கூட்டை இழுத்துக்கொண்டு போகிறதே" என்று முக்குளிப்பான் பதறியது.

தண்ணீர்மேல் கால் பரப்பி நின்ற நீர்ப்பூச்சி சொன்னது: "இழுக்கவில்லை அக்கா. அந்த அரச இலையைப் பாருங்கள். எத்தனை அலை கடந்து போயிற்று? இலை நின்ற இடத்திலேயே ஏறி இறங்குகிறது. அங்கிருந்து தண்ணீர் வருவதில்லை. எருமை கொடுக்கிற உதைதான் தண்ணீர் வழியாகக் கைமாறிக் கைமாறி வருகிறது."

"உதை வந்தால் போதாதா? முட்டை விழுந்துவிடுமே."

"ஒரு அலையைக் கூடு தாங்கும். இரண்டு அலையின் மேடும் ஒன்றாய்ச் சேர்ந்தால்தான் ஆபத்து. ஒரு மேடும் ஒரு பள்ளமும் சேர்ந்தால் தண்ணீர் சமமாய் நிரந்துபோகும். ஒருத்தி எழும்போது மற்றவள் அமிழ வேண்டும், அவ்வளவுதான்."

முட்டைகளை விட்டுப் போகப் பயந்து, முக்குளிப்பான் இருந்த இடத்திலிருந்தே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னது. "நீங்களும் பிள்ளை பெற்றவர்கள்தானே அம்மா" என்று கெஞ்சியது.

"அவளை அமிழச் சொல்" என்றது கொம்பி.

"அவள் எழும்போது நான் அமிழ்வதா? மாட்டு மந்தையெல்லாம் சிரிக்கும்" என்றது சுட்டி.

மறுபடியும் இரண்டும் சேர்ந்தே எழுந்தன. விளிம்பில் இருந்த முட்டை தண்ணீரில் விழுந்து அமிழ்ந்தது.

முக்குளிப்பான் மூழ்கித் தேடியது. வெறும் அலகோடு வந்து, மீதி இரண்டையும் சிறகால் மூடி உட்கார்ந்தது.

சுட்டி அதையே பார்த்துக்கொண்டு நின்றது. அடுத்த முறை கொம்பி எழுந்தபோது, சுட்டி அமிழ்ந்தது.

"என்னடி, தோற்றுவிட்டாயா?"

"ஆமாம், தோற்றுவிட்டேன். நீ எழும்பு."

கொம்பி அமிழ்ந்தபோது சுட்டி எழுந்தது. கொம்பி எழுந்தபோது சுட்டி அமிழ்ந்தது. ஒரு பக்கத்து மேடும் மறுபக்கத்துப் பள்ளமும் கூட்டடியில் சந்தித்தன. கூடு அசையவே இல்லை.

ஒன்பதாம் நாள் இரண்டு குஞ்சுகள் தாயின் முதுகில் ஏறிக்கொண்டு குளத்தைச் சுற்றின.

ஒருவர் எழும்பும்போது மற்றவர் தணிந்துபோனால், நடுவில் இருக்கிற சின்ன உயிர் பிழைக்கும்.

நீங்கள் குளத்தில் இறங்கும்போது, பாசிக்குவியல் ஏதாவது மிதந்தால் கொஞ்சம் மெதுவாய் இறங்குங்கள்.