வேகத்தடைக்கு அடியில் ஒரு பீட்ரூட்

சென்னியப்பன் அரவை மில்லுக்குள் நுழைந்தபோது மிளகாய் அரைபட்டுக்கொண்டிருந்தது. வேறு யாராவது என்றால் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றிருப்பார்கள். அவர் பாலக்காடு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். எந்த இரைச்சலுக்கும் மேலே ஏறிப் பேசும் தொண்டை. ராகி இருந்த தூக்குப்போசியை வரிசையில் வைத்தார், பெஞ்சில் உட்கார்ந்தார், ஒரு துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு எல்லோரையும் ஒருமுறை பார்த்தார்.

ஆரம்பித்துவிட்டார் என்று பெஞ்சின் மறு ஓரத்தில் இருந்த சௌந்தரம் நினைத்துக்கொண்டாள்.

சௌந்தரம் வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவள். அவளுக்கு இப்போது வேண்டியதெல்லாம் வெயில். பக்கத்து மனையில் யாரோ மூன்று மாடி எழுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் தோட்டத்தில் உச்சிப்பொழுதுக்கு ஒரு கீற்று வெளிச்சம் விழுவதோடு சரி. மில்லுக்குப் பின்னால் மில்லுக்காரர் அம்மாசைக்கு ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தது. நாள் முழுக்க வெயில், கையெட்டும் தூரத்தில் தண்ணீர்க் குழாய். “காய்கறி போடறவங்க போடுங்க, வூட்டுக்குக் கொஞ்சம் குடுத்தாப் போதும்” என்று அம்மாசை சொன்ன உடனே சௌந்தரம் கேட்டாள். மறுநாள் சென்னியப்பனும் கேட்டார். “ரெண்டு பேரும் உங்க கைல வெளைஞ்சதக் கொண்டாங்க, வெள்ளிக்கெழம பாத்துட்டுச் சொல்றேன்” என்று அம்மாசை முடித்துவிட்டார். அந்த நிலத்துக் கேட்டின் சாவி, ஸ்விட்சுப் பலகைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கியது. இன்று வெள்ளிக்கிழமை.

சௌந்தரத்தின் மஞ்சப்பையில் மூன்று பீட்ரூட் இருந்தன. எலுமிச்சை அளவுதான். நிழலில் அதற்கு மேல் என்ன வரும். ஆனால் அவளுக்குப் பயம் அதைப் பற்றியில்லை. அம்மாசைக்குக் கதை என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். இந்த வாய் அந்தச் சாவியை வாங்கிக்கொண்டு போய்விடும்.

சென்னியப்பன் பையிலிருந்து ஒரு கட்டு இலையை எடுத்துப் பெஞ்சில் போட்டார். அகல அகலமாகப் பளபளவென்று இலை, கட்டைவிரல் தடிமனுக்குச் சிவப்புத் தண்டு.

“பாத்துக்க தம்பி. என்ற தோட்டத்துப் பீட்ரூட்டோட எல.”

சௌந்தரம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மிளகாய் நெடி என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். அது பீட்ரூட்டே இல்லை. சுவிஸ் சார்டு. பீட்ரூட்டுக்குத் தங்கை மாதிரி ஒரு கீரை, குன்னூரில் இருக்கும் அவள் நாத்தனார் விதை அனுப்பியிருந்தாள். இரண்டு விதையும் ஒரே அச்சு, முள்ளு முள்ளாகச் சின்னக் கட்டி. ஐப்பசியில் இந்த மனிதர் பீட்ரூட் விதை கேட்டு வந்தபோது, “பீட்ரூட் தீந்துபோச்சுங்ண்ணா, இது வெறும் கீர, கெழங்கு வெக்காது” என்று சொல்லித்தான் மடித்துக் கொடுத்தாள். அவர் எங்கே கேட்டார்? தன் வீட்டு வெண்டைக்காயை ஏணி வைத்துப் பறித்த கதையைச் சொல்லிக்கொண்டே விதையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

பேசட்டும், எவ்வளவு தூரம் போகிறார் பார்ப்போம் என்று அவள் வாயைத் திறக்கவில்லை.

“இது கொழுந்து எல” என்றார் சென்னியப்பன். “முத்துன எலைய எடுத்துட்டு வரோணும்னா லாரி வெக்கோணும். போன வாரம் சம்பந்தி வூட்ல இருந்து பன்னண்டு பேரு வந்துட்டாங்க. வாழையெல இல்ல. என்ற வூட்டுக்காரி பதறிப்போயிட்டா. நான் நேராத் தோட்டத்துக்குப் போனேன், ஒரே ஒரு எல, அறுத்துட்டு வந்து ஹால்ல விரிச்சேன். பன்னண்டு பேரும் சுத்தி உக்காந்து சாப்ட்டாங்க.”

“ஒரே எலைலயா?” என்றாள் பழனாத்தாள். இட்லிக்கடை வைத்திருப்பவள், அரைபடுகிற மிளகாய் அவளுடையதுதான். “ஒருத்தர் ரசம் இன்னொருத்தருக்கு ஓடியிருக்குமே.”

“ஓடாது. நரம்பு நரம்பா வரப்பு இருக்குதல்ல? அவங்கவங்க ரசம் அவங்கவங்க வயலுக்குள்ள நின்னுக்கும்.”

பழனாத்தாள் யோசித்துப் பார்த்துத் தலையாட்டினாள். சாப்பாட்டு விஷயத்தில் அவளைச் சமாதானப்படுத்திவிட்டால் பாதி ஊரைச் சமாதானப்படுத்திய மாதிரி. சௌந்தரத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அம்மாசை மிளகாய்த்தூளைத் தட்டி இறக்கிவிட்டு மெஷினை நிறுத்தினார். ராகியைக் கொட்டவில்லை. கதை கேட்பதற்காக மில்லையே நிறுத்துகிற ஆளிடம் நியாயம் எதிர்பார்த்து வந்தோமே என்று சௌந்தரம் தன்னையே நொந்துகொண்டாள்.

“எல சரிங்ண்ணா, கெழங்கு எங்கீங்?” என்றார் அம்மாசை.

“கெழங்க எப்படித் தம்பி கொண்டாறது? இருக்கற எடத்த விட்டு அது வந்தாத்தான? மார்கழில பாக்கறேன், எங்க போர்த்தண்ணி ரோஸ் கலர்ல வருது. எங்க வூட்ல மட்டும்னு நெனச்சேன். தெருவுக்கே அப்படித்தான். வெள்ள வேட்டி துவைச்சவன் எல்லாம் ரோஸ் வேட்டில வர்றான். எதுத்த வூட்டுக்காரரு அதே வேட்டியோட ஒரு மீட்டிங்குக்குப் போயிட்டாரு, புதுசாக் கட்சி ஆரம்பிச்சுட்டாருன்னு நாலு பேரு வந்து சேந்துட்டாங்க.”

“அந்தத் தெருவுக்குத்தான் நான் தெனம் இட்லி கொண்டாறேன். ரோஸ் வேட்டி ஒண்ணுங்கூடக் கண்ணுல படலையே” என்றாள் பழனாத்தாள்.

“நீ வர்ற நேரத்துக்கு எல்லாரும் லுங்கில இருப்பாங்க.”

அம்மாசை சிரித்தார். பெரிய சிரிப்பு. சிரிக்கும்போது அவர் பார்வை ஒருமுறை சாவி ஆணிக்குப் போய்த் திரும்பியதைச் சௌந்தரம் பார்த்தாள்.

“பொறவு கெழங்கு பெருத்துப் பெருத்துக் காம்பவுண்டுச் செவுத்தத் தாண்டிருச்சு” என்றார் சென்னியப்பன். இப்போது எழுந்தே நின்றுவிட்டார், பஸ்ஸில் டிக்கெட் கேட்கிற தோரணையில். “ரோட்டுக்கு அடில போயி மண்ண முட்டித் தூக்குது. தார் ரோடு அப்படியே மேடு கட்டிருச்சு. காலைல ரோடு போடற ஆளுங்க வந்து பாத்தாங்க. யாரோ வேகத்தட போட்டிருக்காங்கன்னு நெனச்சு, அது மேல வெள்ளப் பெயிண்டு கோடு அடிச்சுட்டுப் போயிட்டாங்க. எங்க தெரு மொனைல இருக்குதல்ல, வண்டியெல்லாம் எகிறுதே, அது வேகத்தடன்னா நெனச்சீங்க? என்ற பீட்ரூட்டு.”

“அந்த மேட்டுலதான் என்ற சாம்பாரு கொட்டிப்போச்சு” என்றாள் பழனாத்தாள். இதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

“கெழங்கே இப்படீன்னா வேரு எது வரைக்கும்ங் போயிருக்கும்?” என்றார் அம்மாசை. அவரே எடுத்துக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்.

“வாளையாறு தாண்டிருச்சு தம்பி. செக்போஸ்ட்டுல தோண்டிப் பாத்துட்டு, பர்மிட் இல்லாம எப்படி வந்துச்சுன்னு கேக்கறாங்க. பாலக்காட்டுல ஒருத்தரு வூட்டுக் கெணத்துக்குள்ள வேரோட நுனி எட்டிப் பாக்குதாம். அவங்க தெனமும் ஒரு முழம் அறுத்துத் தோரன் வெக்கறாங்க. இங்க நான் ஊத்தற தண்ணி, அங்க அவங்க திங்கற பொரியலு. அதனாலதான் தம்பி கேக்கறேன். சின்ன எடத்துல இந்தக் கை அடங்க மாட்டீங்குது. உன்ற எடத்தக் குடு, வெளைச்சல்னா என்னன்னு காட்டறேன்.”

அம்மாசை கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கை நேராக ஆணிக்குப் போனது. சாவியை எடுத்துவிட்டார்.

“ஒரு நிமிசங் அம்மாசை” என்றாள் சௌந்தரம்.

அவள் எழுந்து இலைக்கட்டிலிருந்து ஒரு இலையை உருவினாள். “இது பீட்ரூட்டே இல்லீங். சுவிஸ் சார்டுன்னு ஒரு கீர. வெத நான் குடுத்தது. குடுக்கறப்பவே கீரதான், கெழங்கு வெக்காதுன்னு சொன்னேன், அண்ணனுக்குப் பேசற மும்முரத்துல காதுல ஏறல. இந்தச் செடிய எந்த ஊர்ல நட்டாலும் அடில வேருதான் இருக்கும். வேகத்தடைக்கு அடில தார் போட்டவன் கொட்டுன ஜல்லி இருக்கும், அவ்வளவுதான்.”

பழனாத்தாள் இலையையும் சென்னியப்பனையும் மாறி மாறிப் பார்த்தாள். சாவி அம்மாசையின் கையிலேயே நின்றது. இதோடு அடங்கிவிடுவார் என்று சௌந்தரம் நினைத்தாள். அந்த மனிதரைச் சரியாக எடை போடவில்லை.

சென்னியப்பன் ஒரு தும்மல் போட்டார். மேல்துண்டால் மூக்கைத் துடைத்தார். முகத்தில் வெட்கத்துக்கு அடையாளமே இல்லை, சொல்லப்போனால் இன்னும் கொஞ்சம் பிரகாசமாகத்தான் ஆனது.

“கேட்டுக்க தம்பி. இத நானே சொன்னாப் பெரும பேசறான்னுவீங்கன்னுதான் பேசாம இருந்தேன். இப்ப அம்மிணி வாயாலயே வந்துருச்சு. கெழங்கே வெக்காத செடி. அதுல கெழங்கு வெக்க வெச்சிருக்கேன். அதும் வாளையாறு வரைக்கும். இந்தக் கைக்கு எடம் குடுக்காம வேற யாருக்குக் குடுப்ப?”

“அதும் வாஸ்தவந்தானுங்க்கா” என்றார் அம்மாசை.

உண்மையைச் சொன்னதற்கு இந்த லாபமா? சௌந்தரத்தின் மூன்று பீட்ரூட்டும் மஞ்சப்பைக்குள் ஊமையாகக் கிடந்தன. பிறகு அவளுக்குக் கோபம் போய்விட்டது. இவரிடம் உண்மை எடுபடாது, இவர் போகிற வழியிலேயே போய்த்தான் ஆகவேண்டும்.

“வாஸ்தவந்தானுங்” என்றாள் நிதானமாக. “அண்ணன் கை அப்படிப்பட்ட கைதான். கெழங்கு இல்லாத செடில கெழங்கு வெளைய வெச்சவரு, எடமே இல்லாமயும் வெளைய வெச்சுக்குவாரு. எடம், வெயிலு, தண்ணியெல்லாம் எதுக்குங் அவருக்கு? அது என்ன மாதிரி ஒரு வித்தையும் தெரியாதவளுக்குத்தான் வேணும்.”

மஞ்சப்பையை அம்மாசைக்கு முன்னால் வைத்தாள். “என்ற கைல வெளைஞ்சது இவ்வளவுதான். மூணும் உள்ளயே இருக்குது, யாரும் எங்கயும் போயிப் பாக்க வேண்டியதில்ல.”

பழனாத்தாள் சிரிக்க ஆரம்பித்தாள். மிளகாய் நெடியில் இருமலும் சேர்ந்துகொண்டது, அவளால் நிறுத்த முடியவில்லை. அம்மாசை பைக்குள் கைவிட்டு ஒரு பீட்ரூட்டை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். பிறகு சாவியைச் சௌந்தரத்திடம் நீட்டினார்.

சென்னியப்பன் இலைகளைப் பையில் போட்டுக்கொண்டார்.

“நல்லதாப் போச்சு தம்பி. அந்த எடம் எனக்கு வேண்டாம்னு சொல்லத்தான் நானே வந்தேன்” என்றார்.

சௌந்தரம் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“வந்தவுடனே சொல்லியிருந்தீங்கன்னா, இந்நேரத்துக்கு உங்க ராகி மாவாகியிருக்கும்ங்ண்ணா.”