அறுநூற்றுப் பதினோராவது புத்தகம்

"ஒரு வருஷமா என்னால ஒரு புத்தகம்கூட வாசிக்க முடியலம்மா. எதைத் திறந்தாலும் சந்தேகமா இருக்கு."

வந்ததும் வராததுமாக மாசிலாமணி இதைத்தான் சொன்னார்.

சொர்ணத்தம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "முதல்ல செருப்பைக் கழட்டுங்க" என்றார்.

மாசிலாமணி கழற்றினார். இதில் ஏதேனும் உட்பொருள் இருக்குமோ என்று யோசித்தார். ஒன்றுமில்லை. அப்போதுதான் தரை மெழுகியிருந்தார்கள்.

பச்சைமலை அடிவாரத்தில் ஓட்டு வீடு ஒன்றும் நான்கு ஆடுகளும்தான் சொர்ணத்தம்மாளின் மடம். அவருக்கு ஐம்பது வயது. தேடி வந்த மாசிலாமணிக்கு அறுபத்திரண்டு. தன்னைவிடச் சின்னவளிடம் ஞானம் கேட்பதா என்று பஸ்ஸில் வரும்போதே அவருக்கு ஒரு சந்தேகம்.

அவருக்குச் சந்தேகம் வராத இடம் எது? போலிக் கையெழுத்தைக் கண்டுபிடித்துக் கோர்ட்டில் சாட்சி சொல்வதுதான் அவர் முப்பது வருஷம் பார்த்த வேலை. வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தார்கள். சந்தேகத்திலிருந்து யார் கொடுப்பது?

"எப்பவும் நிறைய வாசிப்பீங்களோ?" என்று கேட்டார் சொர்ணத்தம்மாள்.

மாசிலாமணி பைக்குள்ளிருந்து ஒரு நீளமான நோட்டை எடுத்தார்.

"முப்பத்தொரு வருஷம். ரெண்டாயிரத்து முந்நூத்திப் பதினாறு புத்தகம். துப்பறியும் கதை, சமையல், ஜோசியம், கோழி வளர்ப்பு, கவிதை, பயணம், எதையும் விடல. பேரு, வகை, பக்கம், பத்துக்கு இத்தனைன்னு மார்க்கு, ஒரு வரிக் குறிப்பு."

"குடுங்க, பாக்கறேன்."

அவர் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"குரு கதையிலே மட்டும் நாப்பத்திரண்டு புத்தகம் வாசிச்சிருக்கேன். எனக்குத் தெரியும். வாங்கி ஆத்துல போடுவீங்க. இல்லாட்டி அடுப்புல."

"இங்க ஆறு இல்லீங்க. அடுப்பும் கேஸ் அடுப்பு."

வெகு நேரம் கழித்து நோட்டு கை மாறியது.

சொர்ணத்தம்மாள் முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். கதைப் புத்தகம் வாசிப்பதுபோல, வரி வரியாக.

மாசிலாமணி எதிரிலேயே உட்கார்ந்து காவல் காத்தார். பக்கத்தைத் தள்ளுகிறாரா, கிழிக்கிறாரா என்று பார்த்தார். சாப்பிடப் போனபோதும் ஒரு கண் நோட்டின் மேலேயே இருந்தது.

மறுநாள் வாசிப்பின் நடுவில் சொர்ணத்தம்மாள் சிரித்தார்.

"எதுக்குச் சிரிக்கிறீங்க?"

"சிரிப்பு வந்துச்சு."

மாசிலாமணி நம்பவில்லை. "நிஜமாவே வாசிக்கிறீங்களா? ஆயிரத்து நானூத்தி ரெண்டு என்ன, சொல்லுங்க பார்ப்போம்."

"கோழிக்கு வர்ற வெள்ளைக் கழிச்சல். ஏழு மார்க்கு. அதுக்கு அடுத்தது காதல் கவிதை. மூணு."

இரண்டும் சரிதான். ஆனாலும் அந்த இரண்டை மட்டும் முன்கூட்டியே மனப்பாடம் செய்திருக்கலாம் என்று மாசிலாமணிக்குத் தோன்றியது. மனிதர் பாவம், அப்படியே பழகிவிட்டார்.

மூன்றாம் நாள் காலையில் சொர்ணத்தம்மாள் நோட்டை முடித்தார்.

"நடுவுல ஆறு பக்கத்துக்கு மட்டும் செவப்புக் கோடு. நேரா, அழகா இருக்கு. யார் போட்டது?"

"என் மக நிறைமதி. அப்ப ரெண்டாங்கிளாஸ். ஞாயித்துக்கிழமையானா ஸ்கேலும் பேனாவுமா வந்து உக்காந்துருவா. நான் எழுதறதுக்குக் கட்டம் போட்டுக் குடுப்பா."

சொல்லும்போது அவர் முகம் கொஞ்சம் இளகியது.

"அப்புறம் ஏன் போடல?"

"படிப்பு இருந்திருக்கும். பிள்ளைங்களுக்கு ஒரு விளையாட்டு எத்தனை நாளைக்கு?"

சொர்ணத்தம்மாள் ஒரு பக்கத்தைத் திருப்பி, கடைசி வரியை உரக்க வாசித்தார்.

"எண் அறுநூற்றுப் பதினொன்று. யானைக்குச் சளி பிடித்த கதை. எழுதியவர் நிறைமதி, வயது ஏழு. எட்டுப் பக்கம். வகை, சிறுவர். மதிப்பெண் நான்கு. குறிப்பு: முடிவு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது."

மாசிலாமணிக்குச் சுருக்கென்றது.

"அவளே எழுதி, படம் போட்டு, ஊசி நூலால தைச்சுக் குடுத்தா. புத்தகம்னு குடுத்தா, புத்தகமாத்தான் எழுதினேன். பெத்த பிள்ளைன்னு கூடுதலா மார்க்கு போட்டா அப்புறம் நோட்டுக்கு என்ன மரியாதை? அவளுக்குத் தெரியவும் தெரியாது. நோட்டை நான் யாருக்கும் காட்டினதில்ல."

சொர்ணத்தம்மாள் நோட்டை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார். விரலால் எதிர்ப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினார்.

அங்கே சிவப்புக் கோடு மேலிருந்து இறங்கிப் பாதியில் நின்றிருந்தது.

மாசிலாமணி அதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். பேனாவில் மை தீர்ந்திருக்கும் என்று நினைத்து, மீதியைத் தானே நீல மையில் இழுத்து முடித்தவரும் அவர்தான்.

பழக்க தோஷம். நோட்டை ஜன்னல் பக்கம் கொண்டுபோய், சாய்த்து, வெளிச்சத்தில் பார்த்தார்.

மை தீரவில்லை. தீர்ந்திருந்தால் கோடு வெளுத்துக்கொண்டே போயிருக்கும். இது கடைசிவரை அடர்த்தியாக இருந்தது. நின்ற இடத்தில் மை ஊறி, பொட்டாகப் பரவியிருந்தது. பேனா அங்கேயே வெகு நேரம் ஊன்றி நின்றிருக்கிறது.

பக்கத்தைப் புரட்டிப் பின்புறம் தடவினார். கடுகளவு மேடு ஒன்று விரலில் தட்டியது. அழுத்தி ஊன்றியிருக்கிறாள்.

இடது பக்கத்தின் கடைசி வரியைப் பார்த்தார். கோடு போடுகிற குழந்தையின் கண் அதில்தான் விழுந்திருக்க வேண்டும்.

எத்தனை ஊரான் கையெழுத்தில் எத்தனை கள்ளத்தைக் கண்டுபிடித்தவர்! தன் வீட்டுக் கோட்டைப் படிக்க இருபத்து மூன்று வருஷம் ஆனது.

"பாத்துட்டாம்மா" என்றார். "அன்னைக்கே பாத்துட்டா."

அவருக்கு அழுகை வந்தது. மறைக்க முடியவில்லை.

சொர்ணத்தம்மாள் சற்றுப் பொறுத்துக் கேட்டார். "கடைசியில ரெண்டாயிரத்து முந்நூத்திப் பதினேழுன்னு எண் மட்டும் இருக்கு. பேரு இல்ல."

மாசிலாமணி மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அவ எழுதின நாவல். போன வருஷம் கூரியர்ல வந்துச்சு. இன்னும் பிரிக்கல."

"ஏன்?"

"ஒரு வரி லெட்டர் இல்ல. பொங்கலுக்கும் தீவாளிக்கும் ரெண்டு வார்த்தை பேசறவ, புத்தகத்தை மட்டும் எதுக்கு அனுப்பணும்? என்னை வெச்சுத்தான் எழுதியிருப்பா. ஊர் சிரிக்க எழுதியிருப்பா. அப்படித்தான் தோணுச்சு."

"அது ஒண்ணுதானா?"

அவர் தலை குனிந்தார்.

"வாசிச்சா மார்க்கு போடணும். அதைப் பிரிக்காம வேற எதையும் வாசிக்கவும் மனசு வரல. அதான் ஒரு வருஷமா..."

இப்போது குரு ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தார். ஒரு புதிர். கன்னத்தில் ஒரு அறை. ஒரு பூவையாவது தூக்கிக் காட்டுவார்.

சொர்ணத்தம்மாள் எழுந்து முறத்தை எடுத்தார்.

"அவ்வளவுதானாம்மா?"

"கீரை வாடிரும்ங்க."

போய்விட்டார்.

மாசிலாமணிக்குக் கோபம் வந்தது. மூன்று நாள் வீண் என்று நினைத்தார். ஊருக்குக் கிளம்பப் பையைத் தூக்கினார். அடியில் கூரியர் உறை கையில் பட்டது. அதையும்தான் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

பிரித்தார்.

முதல் பக்கத்தில் அப்பாவைத் தேடினார். இல்லை. பத்தாம் பக்கத்தில் தேடினார். அங்கும் இல்லை. செல்லம் என்று ஒரு தையல்காரி வந்தாள். ஊரைவிட்டே போவதற்கு மூட்டை கட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

இருபதாம் பக்கத்துக்குப் பிறகு அவர் தேடுவதை மறந்துபோனார்.

சாப்பாடு வந்தது, ஆறிப்போனது.

தொண்ணூற்றாறாம் பக்கத்தில் செல்லத்துக்காகப் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கூப்பிட்டார். அவள் ஏறவில்லை.

மாசிலாமணி நிமிர்ந்து உட்கார்ந்தார். மூட்டையில் ஏதோ திருட்டுப் பொருள் இருக்கிறது என்று சந்தேகப்பட்டார். அடுத்த பக்கத்தில் மூட்டை அவிழ்ந்தது. வெறும் துணி. பஸ்ஸுக்குள் பகையாளி இருக்கிறான் என்று சந்தேகப்பட்டார். பஸ் காலியாக வந்ததாக எழுதியிருந்தது. யாருக்கோ காத்திருக்கிறாள் என்றால், யாரும் வரவில்லை.

நூற்றுப் பத்துப் பக்கம் வரை போயும் பிடிபடவில்லை. அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

போனை எடுத்தார். நான்காவது மணியில் அவள் எடுத்தாள்.

"என்னப்பா, உடம்புக்கு ஏதாவதா?"

"இல்லம்மா. உன் புத்தகம் வாசிக்கிறேன்."

அந்தப் பக்கம் குரல் இறுகி வந்தது.

"சொல்லுங்க. எத்தனை போட்டீங்க?"

"நிறைமதி, அந்தச் செல்லம் ஏன் பஸ்ல ஏறல?"

"என்ன?"

"ஏன் ஏறல அவ? நானும் என்னென்னவோ நினைச்சுப் பாத்துட்டேன். எதுவும் ஒத்து வரல. மண்டை காயுது."

 

"அப்பா, யாராவது பக்கத்துல இருந்து இப்படிக் கேக்கச் சொல்லிக் குடுக்கறாங்களா?"

மாசிலாமணி திரும்பிப் பார்த்தார். சொர்ணத்தம்மாள் தூரத்தில், கொல்லை வேலியோரம், ஒரு ஆட்டைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"யாரும் இல்லம்மா. சத்தியமா எனக்குத் தெரியல. சொல்லேன்."

அவள் அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று அவருக்குப் புரியவில்லை.

"சொல்ல மாட்டேன் போங்க" என்றாள் நிறைமதி. "போனை வைக்காதீங்கப்பா. நூத்திப் பதினொண்ணாம் பக்கத்தைச் சத்தமா வாசிங்க. நான் கேக்கணும்."