பூரணி கழுவிய கூடு

குளக்கரை ஈச்சமரத்தில் ஒரு தூக்கணாங்குருவிக் கூடு தொங்கியது. அதில் பூரணி என்ற குருவி மூன்று முட்டைகள் இட்டிருந்தாள். கூட்டைப் பின்னியவன் அவள் கணவன் வேலப்பன். பின்னி முடித்ததும், தன் குலத்து வழக்கப்படி, குளத்துச் சேற்றை அலகில் அள்ளிவந்து உள்சுவரில் அப்பி வைத்திருந்தான்.

பூரணி லேசுப்பட்டவள் இல்லை. ஒரு தூசி கண்ணில் பட்டால் போதும், அன்றைக்கு அவளுக்குத் தீனி இறங்காது!

ஒருநாள் பக்கத்து மரத்து மைனா மங்களம் வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஐயையே! என்னடி இது, சுவரெல்லாம் சேறு? நானெல்லாம் காலையிலும் மாலையிலும் வீட்டைத் துடைத்துவிடுவேன்!"

மங்களத்தின் பொந்தில் பழைய பாம்புச்சட்டைகூடக் கிடந்தது. அது வேறு விஷயம். ஆனால் பூரணிக்கு மானமே போய்விட்டது. உடனே வாலைக் குளத்தில் நனைத்தாள். தேய் தேய் என்று தேய்த்தாள். சேறு பொத்துப் பொத்தென்று கீழே விழுந்தது.

கீழே குளத்தில் இருந்த குண்டப்பன் என்ற தவளை அலறியது. "ஏம்மா! என் மண்டை என்ன குப்பைமேடா?"

வேலப்பன் ஓடிவந்தான். "அடியே, அந்த மண்ணை எதுக்குத் தெரியுமா அப்..."

"மண்ணுக்கு வக்காலத்து வாங்காதீங்க! முதலில் காலைத் துடைத்துவிட்டு வாங்க!"

வேலப்பன் காலைத் துடைக்கத் திரும்பினான். அவள் கோபித்துக்கொண்டால் புழுவில் பாதி கிடைக்காது என்பது அவனுக்குத் தெரியும்.

அன்றிலிருந்து காலை ஒரு கழுவல், மாலை ஒரு கழுவல். மண் தீர்ந்த பிறகும் அவள் அலகு சும்மா இருக்கவில்லை. அங்கங்கே நீட்டிக்கொண்டிருந்த நாரைப் 'பிசிறு' என்று பிடுங்கி எறிந்தாள். முட்டைகளைக்கூட விடவில்லை, பளபளவென்று துடைத்துவைத்தாள். கூடு காய்ந்த சருகுபோல லேசாகிவிட்டது. "இப்போதுதான் வீடு வீடு மாதிரி இருக்கு!" என்று பூரித்துப்போனாள்.

அப்போது பார்த்து மழைக்காற்று கிளம்பியது.

மற்றக் கூடுகள் மெல்ல அசைந்தன. பூரணியின் கூடோ சுழன்று சுழன்று பம்பரமாய் ஆடியது! முட்டைகள் அங்கும் இங்கும் உருண்டன. ஒன்று வாசல் விளிம்புக்கே வந்துவிட்டது. பூரணி பாய்ந்து அதைக் காலால் அணைத்தாள்.

"ஐயோ, என் பிள்ளைகள்! என்னங்க, ஓடிவாங்க!"

"பயப்படாதே, விழுந்தால் நான் பிடித்துக்கொள்கிறேன்!" என்று குண்டப்பன் கீழே வாயைப் பிளந்தது.

"நீ வாயை மூடு! எனக்கு அதுதான் பெரிய பயம்!"

வேலப்பன் கத்தினான். "மண்தான் கூட்டுக்குப் பாரம்! பாரம் இருந்தால்தான் ஆடாது! குண்டப்பா, சேற்றை வாரிப் போடு!"

தவளை பின்னங்காலால் சேற்றை வாரிக் கரையில் வீசியது. வேலப்பன் அலகு அலகாகக் கொண்டுவந்தான். பூரணி ஒரு காலால் முட்டையைப் பிடித்துக்கொண்டே சேற்றை வாங்கிச் சுவரில் அப்பினாள். முகமெல்லாம் சேறு, இறக்கையெல்லாம் சேறு. ஆட்டம் மெல்ல மெல்ல அடங்கியது. மூன்று முட்டைகளும் பத்திரமாக உள்ளே இருந்தன. பூரணி அவற்றின்மேல் படுத்து, விம்மி விம்மி அழுதாள்.

காற்று ஓய்ந்ததும் மங்களம் வந்தாள். "அடடா, மறுபடியும் சேறா? துடைக்கவில்லையா?"

"எச்சம் விழுந்தால் அன்றைக்கே துடைப்பேன் அக்கா. மண்ணைத் தொடமாட்டேன். இது அழுக்கு இல்லை, என் பிள்ளைகளின் உயிர்!" என்றாள் பூரணி.

எது அழுக்கு, எது வீட்டைத் தாங்குவது என்று பார்க்காமல் ஓயாமல் துடைக்கிறவர், வீட்டைச் சுத்தம் செய்வதில்லை. வீட்டையே காலி செய்கிறார்.