கெட்டிமேளத்தின்போது குனிந்தவர்

"தொட்டாலே போதும்னு ஆன காலத்துல எதுக்கு மேடம் இத்தனை திருகு? கேமராவா, பழைய ரேடியோப் பெட்டியா?"

இதையேதான் சதானந்தம் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். வங்கி வேலையை விட்டுவிட்டு, தன்னைவிடப் பதினைந்து வயது இளையவளான தில்லைநாயகியிடம் கல்யாணப் படம் எடுக்கக் கற்றுக்கொள்ள வந்தவர். கேள்வி கேட்கத் தெரிந்தது. கேட்டுவிட்டு வாயை மூடத்தான் தெரியவில்லை.

தில்லைநாயகி மண்டபத்தின் கடைசித் தூண் பக்கம் கையைக் காட்டினாள்.

அங்கே பெண்ணின் அம்மா நின்றிருந்தார். கணவரை இழந்தவர் தாலி கட்டும் நேரத்தில் மேடைப் பக்கம் வரக்கூடாதாம். யார் சொன்னது என்று கேட்டால் ஆளுக்கு ஆள் அடுத்தவரைக் காட்டினார்கள். தாலி ஏறும்போது மகள் முகம் எப்படி இருந்தது என்று ஒரே ஒரு படத்தில் பார்த்தால் போதும் என்று அந்த அம்மா வந்தவுடனேயே கேட்டு வைத்திருந்தார்.

"அந்த அம்மாவைப் பார்த்துக்கிட்டே கேமராவுல வெளிச்சத்தைக் குறைங்க சார்."

சதானந்தம் குனிந்து தன் கேமராவின் தொடுதிரையைத் தடவினார். நிமிர்ந்தார்.

"குறைச்சாச்சு."

"இப்ப அவங்க என்ன செஞ்சாங்க?"

"நான் திரையை இல்ல பார்த்துட்டிருந்தேன்?"

அவள் தன் கேமராவை நீட்டினாள். அதன் தலையில் பல் பல்லாகச் சின்னச் சக்கரங்கள். அவர் வாங்கவில்லை. தன்னுடையது போன மாதம் வந்த மாடல், எல்லாம் முன்கூட்டியே செட் பண்ணியாயிற்று, பெண்ணின் முகம் தன் பொறுப்பு என்று சொல்லிவிட்டு மணமேடைக்கு நேர் எதிரே போய் நின்றுகொண்டார். முகம் தெரிவது அந்த ஓர் இடத்திலிருந்துதான். சொந்தக்காரர்கள் நெருக்கியடித்ததில் அங்கே இன்னொருவர் நிற்க இடமில்லை. தில்லைநாயகி பக்கவாட்டுக்குப் போனாள்.

கெட்டிமேளம் கொட்டியது. அந்த நேரம் பார்த்து வீடியோக்காரர் இன்னொரு விளக்கைப் போட்டார். பெண்ணின் முகம் வெள்ளையடித்த சுவர் மாதிரி வெளுத்துப் போயிற்று. தில்லைநாயகி கண்ணை எடுக்காமலே கட்டைவிரலால் சக்கரத்தை ஒரு திருப்புத் திருப்பினாள். அவள் படத்தில் மாப்பிள்ளையின் முழங்கையும், விளக்குப் பிடித்த நாத்தனாரும் வெகு தெளிவாக விழுந்தார்கள்.

சதானந்தம் குனிந்தார். வாசலில் தொட்டுப் பூசிய சந்தனம் விரல் நுனியில் காய்ந்திருந்தது. திரை அசையவில்லை. விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடி தொட்டார். அசைந்தது.

நிமிர்ந்தபோது எல்லோரும் அட்சதை போட்டு முடித்து, கையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவர் தில்லைநாயகியிடம் வந்து குரலைத் தாழ்த்தினார். மாப்பிள்ளை நல்ல மாதிரி, கழுத்துப் பக்கம் கையைக் கொண்டுபோய் இன்னொரு முறை போஸ் கொடுக்கச் சொன்னால் கொடுப்பார், யாருக்குத் தெரியப்போகிறது என்றார்.

"கையை அவர் கொண்டுபோவார் சார். அந்த முகத்தை யார் கொண்டுவருவா?"

தாலி கட்டியாகிவிட்டதால் இனி யாரும் தடுக்கவில்லை. பெண்ணின் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சதானந்தத்தின் முன்னால் நின்றார். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"எடுத்துட்டீங்களா சார்? கொஞ்சம் காட்டுங்களேன்."