மழையை விரட்டிய டப்பா

கள்ளிவிளையில் மூன்று வருஷமாக மழை இல்லை. ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானி பள்ளிக்கூட மைதானத்தில் மழைமானி டப்பாவை நட்டும் மூன்று வருஷம்தான். ஊர் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டது.

அவருக்காகத் தினமும் காலை எட்டரைக்கு அதை அளந்து பார்த்து நோட்டில் பூஜ்யம் எழுதுகிறவள் இசக்கியம்மாள். அவளை வழிமறித்தார் ஊர்த்தலைவர் பொன்ராசு, உப்பள முதலாளி. பின்னால் கடப்பாரையோடு கூட்டம்.

"ஒன் விஞ்ஞானி வெள்ளிக்கெழமைக்குள்ள மழையை வரவைக்கணும். இல்லன்னா டப்பாவை ஒடச்சிருவோம்."

"அவரு மழையை அளக்கத்தான் செய்வாரு, மொதலாளி."

யாரும் காதில் வாங்கவில்லை.

"சரி, ஒடைங்க," என்றாள் இசக்கி. "ஆனா உங்க உப்பளத்துலயும் அதே வருஷம் இதே மாதிரி டப்பாவை நட்டீங்களே. மழை பெஞ்சா உப்பு கரைஞ்சு போவும்னு உங்களுக்குத்தான கவலை?"

கூட்டம் மெல்லத் தலைவர் பக்கம் திரும்பியது. பொன்ராசு அவசரமாகக் கையை ஆட்டினார்.

"அட, அது சும்மா அளக்கத்தாம்பா. டப்பா எங்கயாவது மழையை வெரட்டுமா?"

"அதைத்தான் நானும் சொன்னேன்," என்றாள் இசக்கி.

ஊர் இருவரையும் நம்பவில்லை. மத்தியானத்துக்குள் இரண்டு டப்பாவும் நொறுங்கிக் கிடந்தன.

மறுநாள் எட்டரைக்கு, பழக்கத்தில், இசக்கி நோட்டோடு மைதானத்தில் வந்து நின்றாள். வானம் வெளுத்துக் கிடந்தது. எழுதுவதற்கு அந்தப் பூஜ்யம்கூட அவளிடம் இல்லை.